அப்பாவின் வேக மொடமும் பெரியப்பாவின் கல்வெட்டும்

வெள்ளவத்தை வீட்டில் அப்பா கொம்பியூட்டரில் பக்கங்களைக் கோப்பார். கொட்டாஞ்சேனையில் மாமா அச்சடிப்பார். செத்தவர்களின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலர்தான் இவர்களின் முக்கிய வேலை. எங்கள் ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள்.

பக்கங்களைக் கொம்பியூட்டரிலிருந்து டெலிபோன் வழியே அனுப்பும் மொடம் கருவியை இருவரும் வாங்கினார்கள். கலந்து பேசி வாங்கியிருக்கலாம். அது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வேக மொடம்களுக்கு உலகப் பொதுவிதி வருமுன்பே கம்பனிகள் ஆளுக்கொரு முறையில் செய்து விற்ற காலம் அது. அப்பா அப்படியொன்றை வாங்கினார். பொதுவிதி வரும்வரை பொறுத்திருந்த மாமா, அதன்படி செய்ததை வாங்கினார். இரண்டின் வேகமும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எது உசத்தி என்ற சண்டையில், பக்கங்கள் பதிந்த டிஸ்க் பழையபடி பஸ்ஸிலேயே போய்வந்தது.

பெரியப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் நகரில் குண்டு வெடித்து, பாதைகளை மூடிவிட்டார்கள். கல்வெட்டு இன்னும் எங்கள் வீட்டில்தான் கிடந்தது. தன் அண்ணனைப் பற்றி எழுதியதை அப்பா திருத்தித் திருத்தியே நாளைக் கடத்தியிருந்தார். ஐந்து மணிக்கு மின்வெட்டு வேறு வர இருந்தது.

டெலிபோனில் அனுப்புவதுதான் மிச்சமிருந்த வழி. மொடம் கிறீச்சிட்டது, இரைந்தது, இணைப்பு அறுந்தது. தன் கம்பனியின் வேகத்தைத் தவிர வேறெதற்கும் இணங்காதபடி அப்பா அதைப் பூட்டி வைத்திருந்தார்.

மாமா டெலிபோனில் கத்தியது எனக்கே கேட்டது. "அத்தான், பழைய மெதுவான வேகத்திலை விடுங்கோ. அது ரெண்டுக்கும் ஏலும்!"

"உன்ரை மெஷினுக்கு ஏலாதெண்டு சொல்லு!"

மறுபடியும் கிறீச். மறுபடியும் அறுந்தது. மணி நாலு தாண்டிவிட்டது.

அம்மா குசினியிலிருந்து வந்து நின்றார். "நாளைக்கு உங்கடை அண்ணன்ரை நாள். வாற சனத்துக்கு வெறுங்கையையோ காட்டுறது?"

அப்பா வேகப் பூட்டை எடுத்தார். இந்தமுறை இணைப்பு அறுபடாமல் நின்றது. எழுத்துப் பக்கங்கள் ஊர்ந்து ஊர்ந்து போயின. கடைசியாகப் பெரியப்பாவின் படம். அது முழுதாகப் போய்ச் சேர்ந்ததும் மாமா டெலிபோன் எடுத்து, "வந்திட்டுது அத்தான்" என்றார். சற்று நேரத்தில் மின்சாரமும் நின்றது.

இருண்ட திரையைப் பார்த்தபடி அப்பா அழுதார். அவர் அழுது நான் அதுவரை கண்டதில்லை, செத்தவீட்டில்கூட அழவில்லை. பயந்துபோய் அவர் தோளைத் தொட்டேன்.

"அழாதேங்கோ அப்பா. மாமான்ரை மொடமும் மெதுவாத்தானே ஓடினது."

"ஓம்" என்று தலையாட்டினார். தோற்றுப்போன அப்பாவைத் தேற்றிவிட்டேன் என்ற பெருமையோடு அன்று தூங்கினேன்.