அவர் வீட்டில் மட்டும் தெரிந்த படம்

கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து தரும் எங்கள் ஆபீஸில் அவர்தான் மூத்தவர். 'லிங்க் அண்ணன்' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எச்டிஎம்எல் பக்கத்துக்குள் படம் இருக்காது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். அந்த முகவரி பிசகினால் அண்ணன் சும்மா விடமாட்டார். "உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்துக்கு வழி சொல்லியிருக்கியே, பாக்குறவங்க எல்லாம் உன் வீட்டுக்கு வரணுமா?" என்று வாங்கு வாங்கென்று வாங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சொல்வது சரி என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

அண்ணி தவறிப்போன பிறகு மனிதர் பாதியாகிவிட்டார். மதியம் டப்பாவைத் திறப்பார், இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிவிடுவார். வீட்டில் உட்கார்ந்து அண்ணிக்கென்று ஒரு பக்கம் செய்து, சொந்தபந்தம் எல்லாருக்கும் அனுப்பினார். வெளியூரில் இருக்கும் ஒரே மகள் அதைப் பார்த்தாளா என்பதிலேயே அவர் உயிர் இருந்தது.

"பாத்துட்டாளாம்டா. அம்மா அழகா இருக்காங்கன்னு சொன்னா," என்று ஒருநாள் வந்து சொன்னார். அன்றைக்கு டப்பா காலியானது.

நேற்றுதான் எனக்கும் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தார். திறந்தேன். மேலே அண்ணியின் பெயர், கீழே நாலு வரி, நடுவில் வெறும் கட்டம். படத்துக்கு அவர் கொடுத்திருந்தது அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் முகவரி. ஆபீஸில் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று, வீட்டிலிருக்கும் ஃபைலைத்தான் தினமும் திறந்து பார்ப்பாராம்.

"மாட்டினீங்களா அண்ணே," என்றேன், கேலியாக.

அவர் திரையையே பார்த்தார். "அப்ப வெளியில யாருக்குமே தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது." சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. "உங்க மக வீட்டுக்கு வந்தப்ப பாத்திருக்கலாம்ல?"

"அம்மா காரியத்துக்கு வந்தவ. அப்புறம் எங்க வந்தா."

அவளை விடுங்கள், அத்தனை சொந்தக்காரர்களில் ஒருத்தராவது படம் வரவில்லையே என்று கேட்டிருக்கக் கூடாதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அண்ணன் தன் போனிலிருந்த படத்தை எடுத்து சர்வரில் ஏற்றினார், முகவரியைத் திருத்தினார். ஏதோ ஒரு கடைக்குச் செய்வதுபோலத்தான் செய்தார்.

"இப்ப தெரியுதா பாரு."

ஈரக் கையோடு, யாரையோ அதட்டப் போகிறவர் போல அண்ணி நின்றார்.

"தெரியுது அண்ணே. அண்ணி அழகா இருக்காங்க."

"அவளும் இதையேதான்டா சொன்னா," என்றார்.