முவான்சாவில் முள்ளும் தலையும்

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், உணவகங்களுக்கு மீன் வெட்டிக் கொடுக்கும் ஒரு கூடத்தில் நான் வேலை செய்கிறேன். அதற்கு முன் வடக்கே பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் பல வருடங்கள் இதே வேலைதான். யாழ்ப்பாணத்தில் இருந்தவரை ஒரு மீனைக்கூட நான் வெட்டியதில்லை. இந்த நாட்டுக்கு வந்து கத்தியைப் பிடித்தேன், அதோடு வயதும் போய்விட்டது.

அவள் எங்கள் கூடத்துக்கு வந்தது ஒரு மாரி காலத்தில். மேற்பார்வையாளர் அவளை என் மேசைக்குக் கூட்டிவந்து வேலையைக் காட்டிக் கொடுக்கச் சொன்னார். காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஒரு மீனை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து, நடுமுள்ளோடு ஒட்டி, வால்வரை ஒரே இழுவையில் சதையைப் பிரித்துவிட்டாள்.

"எங்கை பழகினீர்?" என்று கேட்டேன்.

"முவான்சாவிலை."

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை நொர்வேஜிய மொழிதான். ஆனால் அவள் பேசியதெல்லாம் என் நினைவில் தமிழாகத்தான் நிற்கிறது. அக்காவைத் தமிழில் எப்படிக் கூப்பிடுவது என்று முதல் கிழமையே கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு நான் அவளுக்கு அக்காதான்.

தான்சானியாவில், விக்டோரியா ஏரியின் தென்கரையில் இருக்கிறது முவான்சா. அங்கே வேலைக்குப் போன ஒரு நொர்வேஜியனைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தவள் அவள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. மோர்டென்ஸ்ருட்டில், எங்கள் வீட்டுக்குக் கிட்டவே, ஒரு அறையில் தனியாக இருந்தாள். வேலை முடிந்து இருவரும் ஒரே தி-பானே ரயிலில் கடைசி நிறுத்தம்வரை வருவோம். அந்த ஊரை நான் அந்தப் பயணங்களில்தான் தெரிந்துகொண்டேன்.

ஊர் முழுக்கப் பாறை என்பாள். வீட்டைவிடப் பெரிய பாறைகள், யாரோ தூக்கி அடுக்கியது போல ஒன்றின்மேல் ஒன்றாக இருக்குமாம். ஏரிக்கரையோரத்துச் சமதரையில் சந்தை, புகையிரத நிலையம், வங்கிகள், மீன் தொழிற்சாலைகள். அங்கே வேலை செய்கிற சனங்களின் வீடுகள் பாறைகளுக்கு இடையில், மேலே மேலே. வீதி பாதியிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு தண்ணீரும் கரியும் தலையில்தான் ஏறவேண்டும்.

"அப்ப உங்கடை வீட்டிலையிருந்து ஏரி நல்ல வடிவாத் தெரியும்" என்றேன்.

"தெரியும் அக்கா. இஞ்சை காசுள்ள ஆக்கள் மேட்டிலை இருக்கினம். அங்கை காசில்லாட்டில்தான் மேட்டிலை."

ஏரிக்கு அக்கரையில் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. சுற்றுக் கிராமங்களிலிருந்து பருத்தி வந்தது. ஆனால் அவளுடைய தெருவுக்குச் சோறு போட்டது மீன்தான். சங்காரா என்று அவர்கள் சொல்லும் பெரிய மீன். அந்தக் காலத்தில் ஆளளவுக்கு வளருமாம். அவளும் தம்பியும் ஒரே தொழிற்சாலையில் இருந்தார்கள். அவள் வெட்டினாள், அவன் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கினான். வெட்டிய சதை விமானத்தில் ஐரோப்பாவுக்குப் போனது.

ஒருநாள் இங்கே ஒரு கடையின் குளிர்பெட்டியில் அந்த ஏரியின் பெயர் போட்ட பொதியைக் கண்டேன். வாங்கிவந்து, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்து, கொஞ்சத்தைப் பொரித்து, ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். என்ன மீன் என்று சொன்னதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எவ்வளவு காலம் இதை வெட்டினன். வீட்டிலை ஒருநாளும் சமைக்கேல்லை."

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், குடுக்கமாட்டினமோ?"

"சதை எல்லாம் பிளேனிலை போயிடும். முள்ளும் தலையும் லொறியிலை வரும். ரோட்டுக்கரையிலை பெரிய தாச்சியிலை பொரிச்சு விப்பினம். நாங்கள் அதுதான் சாப்பிடுறது."

"அப்ப இண்டைக்குத்தான் முதல்முதல் சாப்பிடுறீரோ?"

"ஓம்."

ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "குழம்பு நல்லாயிருக்கு அக்கா" என்றாள். தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த வருடம் முவான்சாவில் தம்பி இருந்த தொழிற்சாலையில் வேலை குறைந்தது. ஏரியில் பெரிய மீன் இல்லை. வலையில் வந்ததெல்லாம் குஞ்சுகள். முதலில் இரவு வேலை நின்றது, பிறகு கிழமையில் சில நாள் வேலை, பிறகு வாசலுக்குப் பூட்டு. வாசலில் தேத்தண்ணி விற்றவள் போனாள், சைக்கிளில் ஆள் ஏற்றினவன் போனான், தலை பின்னுகிற கடையும் மூடப்பட்டது என்று ஒவ்வொன்றாகத் தி-பானேயில் எனக்குச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு பாட்ஸ்பியோர்ட் கண்முன் வந்தது. அங்கேயும் மீன் வராத ஒரு காலம் இருந்தது. எங்கள் தமிழ்க் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாமான் கட்டின; பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருந்த வாங்குகள் வெறுமையாகின. ஆனால் எங்களுக்கு வேலையில்லாக் காலப் பணம் வந்தது, ஒஸ்லோ இருந்தது. அவளுடைய தம்பிக்கு ஏரி மட்டும்தான் இருந்தது. யாரோ ஒருவருடைய வள்ளத்தில் கூலிக்கு ஏறி, தீவுகளின் பக்கம் மீன்பிடிக்கப் போனான். பாறைமேட்டில் வளர்ந்தவன். அவனுக்கு நீந்தத் தெரியாது.

செய்தி வந்தபோது நாங்கள் மேசையடியில் நின்றோம். காலைநேரம், பெட்டிகள் நிறைய மீன். அவள் கையுறையைக் கழற்றித் தொலைபேசியை எடுத்தாள். மறுபக்கத்தில் ஒரு பெண் அழுவது எனக்கும் கேட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். கையுறையைப் போட்டாள், கத்தியை எடுத்தாள்.

"என்ன?"

"தம்பியின்ரை வள்ளம் கரைக்கு வரேல்லை."

மேற்பார்வையாளர் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். "வீட்டை போய் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அவர் திரும்பிப் போனார். அவள் ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. யுத்தகாலத்தில் என் அப்பா இறந்த செய்தி பாட்ஸ்பியோர்டுக்கு வந்த அன்று, யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை பூட்டிக்கிடந்தது. நானும் அன்றைக்கு மாலைவரை மீன் வெட்டினேன். அதனால் அவள் பக்கத்தில் நின்று மீனை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். பெட்டி முடியும்வரை அவள் வெட்டினாள்.

சில நாட்களில் வள்ளம் கவிழ்ந்தபடி நாணல் பற்றைக்குள் கிடைத்தது. தம்பி கிடைக்கவில்லை. அவள் ஊருக்குப் போக முடிவெடுத்தாள். வழியனுப்ப ஒஸ்லோ மத்திய நிலையத்துக்குப் போனேன். "அடுத்த மாசம் வந்திடுவன் அக்கா, என்ரை கத்தியை ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம்" என்றாள்.

அவள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்போம். தம்பியின் மனைவி தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பியின் பிள்ளைகள் இவளோடும் இவளுடைய அம்மாவோடும். தொலைபேசியைத் திருப்பி ஊரைக் காட்டினாள். பாறைகள் நான் நினைத்ததைவிடப் பெரியவை. பூட்டிய தொழிற்சாலை வாசலில் புல் முளைத்திருந்தது. அதன் எதிரே ஒரு தாச்சியை வைத்து முள்ளும் தலையும் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ப் புகையில் அவள் கண்கள் சிவந்திருந்தன.

"இஞ்சை வராட்டில் உம்முடைய வதிவிட அனுமதி போயிடும்" என்றேன்.

"தெரியும் அக்கா. பிள்ளையளை ஆரிட்டை விடுறது?"

பிறகு முள்ளுக்கும் தட்டுப்பாடு வந்தது. திறந்திருந்த ஓரிரண்டு தொழிற்சாலைகளின் முள்ளைக் கோழித்தீன் அரைக்கிறவர்கள் மொத்தமாக எடுக்கத் தொடங்கினார்கள். தாச்சிக்காரப் பெண்களால் அவர்களோடு போட்டிபோட முடியவில்லை. கடைசியாகக் கதைத்த ஞாயிறு, அவள் வெளியே போக உடுத்தியிருந்தாள்.

"தங்கம் எடுக்கிற பக்கம் போறன். அங்கை குழிக்குள்ளை இறங்கிற ஆக்களுக்குச் சமைக்க ஆள் தேடுகினமாம்."

"பிள்ளையள்?"

"அம்மா பாத்துக்கொள்ளுவா."

"அது நல்ல இடமோ?"

அவள் சிரித்தாள். "இல்லை அக்கா" என்றாள்.

அதன்பின் இரண்டு ஞாயிறு அவள் எண்ணுக்கு அழைத்தேன்; மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை ஒரு ஆண் எடுத்தான். அவள் பெயரைச் சொன்னேன். அவன் தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னான். திரும்பவும் பெயரைச் சொன்னேன். வைத்துவிட்டான்.

எங்கள் பகுதிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் அந்த நாட்டுக்காரர். இறங்கும்போது அவரிடம் விபரம் சொல்லிக் கேட்டேன். சுரங்கப் பக்கம் போகிறவர்கள் தொலைபேசியை விற்பதும் எண்ணை மாற்றுவதும் வழமைதான், பயப்படவேண்டாம் என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள்.

அவளுடைய அம்மாவின் எண்ணை நான் ஒருபோதும் கேட்டு வாங்கவில்லை. அந்த மேட்டில் வீதி இல்லாததால் வீட்டுக்கு விலாசமும் கிடையாது என்று முன்பு ஒருமுறை சொல்லியிருந்தாள்.