இரண்டாம் முறை கட்டிய கூடு

எங்கள் வீட்டில் கதண்டு கூடு கட்டினால் தீப்பந்தம், குளவி கூடு கட்டினால் ராஜமரியாதை. கொட்டினால் உயிரே போகும் என்று பனையில் தொங்கும் கதண்டுக் கூட்டை எரிக்க ஆள் கூட்டிவருகிற அய்யா, சுவரில் மண்ணைப் பூசிவிட்டுப் போகிற குளவியை மட்டும் தொட விடமாட்டார். குளவி கட்டிய வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது உச்சிப்புளிப் பக்கம் சின்னஞ்சிறுசுகளுக்கும் தெரியும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் அந்தக் கூட்டைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார். அதனால் எங்கள் வீட்டுச் சுவரில் மூன்று இடங்களில் பழைய சுண்ணாம்பு திட்டுத்திட்டாகத் தெரியும். அதில் ஒரு திட்டு நான் என்று அம்மா காட்டியிருக்கிறாள்.

சித்தியின் அறையில் மட்டும் திட்டு எதுவும் இல்லை. சித்தப்பாவுக்கு வாக்கப்பட்டு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. முதுகுளத்தூரில் இருந்த அத்தை, அதாவது அய்யாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், வாரம் தவறாமல் போன் போடுவாள். நலம் விசாரிப்பு அரை நிமிடத்தில் முடியும். மீதி நேரமெல்லாம் தம்பிக்கு இன்னொரு பெண் பார்க்கிற பேச்சு. அவள் புகுந்த வீட்டு உறவில் ஒரு பெண் இருந்தாளாம். சித்தப்பாவோ மீன் வண்டி ஓட்டுகிறவர். ரோட்டில் எவனுக்கும் வழிவிட மாட்டார், ஆனால் அக்கா எதிரில் வாய் திறக்க மாட்டார். "நீ சொன்னாச் சரிக்கா" என்பதோடு அவர் பேச்சு நின்றுவிடும். அந்த நேரமெல்லாம் சித்தி அடுப்படியில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருப்பாள்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், காலாண்டு லீவுக்குக் கொஞ்சம் முன்னால், சித்தியின் அறைக்குக் குளவி வந்தது. சுவிட்சுப் பெட்டிக்கு மேலே கட்ட ஆரம்பித்தது. அந்தப் புழுக்கத்திலும் சித்தி மின்விசிறியைப் போடவில்லை. குளவி அடிபட்டுவிடும் என்று பயம். எங்களையெல்லாம் அறைக்குள் விடவில்லை. சேதி அத்தைக்குப் போனது. "அப்படியா? ஞாயித்துக்கிழமை வாரேன். என் கண்ணால பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவேன்" என்றாள். குளவி கட்டியிருந்தால் பெண் பார்க்கிற பேச்சை ஒத்திவைப்பாள், கட்டாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பூ வைத்துவிடுவாள். வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்தது. எனக்கும்தான். ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்ததாக நான் நினைத்ததுதான் வினையாகிப் போனது.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் அல்லவா, அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிவந்து, கூட்டுக்குள் அடைத்து, கொட்டிக் கொட்டிச் சித்தியின் பிள்ளையாக ஆக்கிக்கொண்டிருக்கிறது. அது ஆணா பெண்ணா என்று ஊரே கேட்கிறது. ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துபோகும். எவ்வளவு பெரிய உபகாரம்!

லீவு விட்ட முதல் சனிக்கிழமை மத்தியானம் சித்தி துணி துவைக்கப் போன நேரம் பார்த்து, நாற்காலி போட்டு ஏறி, காம்பஸ் முனையால் கூட்டை மெல்லக் குத்தினேன். ஓட்டை விழவில்லை. கூடே பெயர்ந்து தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே நாலைந்து பச்சைப் புழுக்கள், அசைவில்லாமல், வாடிக் கிடந்தன. சித்தியின் பிள்ளையை நான் கொன்றுவிட்டேன். அதுவும் ஒன்றல்ல, நாலைந்து.

அடிபம்படியில் கசியும் சேற்றை அள்ளிவந்தேன். புழுக்களை நடுவில் வைத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் வைப்பதுபோல மூடி, பழைய இடத்திலேயே அப்பினேன். எங்கள் ஊர் மண் மணல் கலந்தது, ஒட்டவே மாட்டேன் என்றது. பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டவைத்துவிட்டு, நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். பொழுது சாயும் நேரம் எட்டிப் பார்த்தால், அது விழுந்து பொடிப்பொடியாகக் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். சித்தி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுப் போனாள்.

காலையில் பயந்து பயந்து போய் எட்டிப் பார்த்தேன். சுவிட்சுப் பெட்டிக்கு மேலே கூடு இருந்தது. வழுவழுவென்று, முந்தினதை விடப் பெரிதாக, கருங்களிமண்ணில். குளவி மறுபடி வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறது! வாழ்க்கையில் முதல் முதலாக மனதாரக் கும்பிட்டது அந்தக் குளவியைத்தான். சாமிகள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சித்தி என்னை அடிபம்புக்குக் கூப்பிட்டாள். "கையக் காட்டு. நகத்துல என்ன இம்புட்டு அழுக்கு? ஸ்கூல்ல பாத்தாகன்னா அடி விழும்" என்றபடி, தாலிக் கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்துப் பத்து விரல் நகத்தையும் சுத்தம் செய்தாள். பிறகு அதே ஊக்கால் தன் நகங்களையும் குடைந்தாள்.

பதினொரு மணி வாக்கில் அத்தை வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே அறைக்குள் போனாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூட்டைப் பார்த்தாள்.

"ஏத்தா, இது இன்னும் ஈரமால்ல இருக்கு? கட்டிப் பத்து நாளாச்சுன்னீக."

"கட்டுன கூட்டு மேல திரும்பவும் வந்து பூசுது மதினி" என்றாள் சித்தி.

அத்தை விரலை நீட்டினாள். தொட்டால் விழுந்துவிடும் என்று எனக்குப் பதறிவிட்டது. "ஆமாத்தே, நான் பாத்தேன். நேத்துக்கூட இங்கன வந்து கட்டுச்சு. தொட்டா உங்களக் கொட்டிரும்" என்றேன்.

அத்தை விரலை மடக்கிக்கொண்டாள். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. "சரி, குளவியே வந்து சொன்ன பெறகு நாம என்ன சொல்ல? ரெண்டு வருசம் பொறுத்துப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு, மீன் குழம்போடு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போனாள்.

அந்த இரண்டு வருடத்தில் சித்தி சும்மா இருக்கவில்லை. சித்தப்பாவை மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, பஸ் கண்டக்டர் முகம் பழகிப்போகிற அளவுக்குப் போய்வந்தார்கள். குறை யாரிடம் இருந்தது என்று அவள் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தங்கச்சி பிறந்தாள். அத்தை வளையல் கொண்டுவந்து போட்டு, "குளவி வாக்கு பொய்க்குமா?" என்று ஊரெல்லாம் சொன்னாள். நானும் பெருமையாக ஆமாம் போட்டேன்.

போன மாதம் ராமநாதபுரத்தில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஒரு குளவி கட்ட வந்தது. விளக்குமாற்றைத் தூக்கிய என் வீட்டுக்காரரைத் தடுத்துவிட்டு, சமைக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைக்கு ஒரு மிளகளவு மண்தான் கொண்டுவருகிறது. கூடு முடிய முழுசாக நாலு நாள் ஆனது. பால் பொங்கி வழிந்தபோதுகூட அடுப்பை அணைக்காமல் நின்றேன்.

ஒரே ராத்திரியில் எந்தக் குளவியும் கட்டாது. எங்கள் வீட்டைச் சுற்றிக் கருங்களிமண்ணும் கிடையாது, அதற்குக் கண்மாய் வரைக்கும் போகவேண்டும். தரையில் பெருவிரல் தடத்தோடு கிடந்த என் மண்ணைச் சித்தி பார்த்திருக்கிறாள். ஏழு வருடம் காத்திருந்து வந்த ஒரே நம்பிக்கையை உடைத்தது யார் என்று தெரிந்த கையோடுதான் என் நெற்றியைத் தொட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அய்யா என் முதுகுத் தோலை உரித்திருப்பார். நான் ஆயுசுக்கும் அந்தப் பழியோடு கிடந்திருப்பேன். சித்தி, நீ நல்லாயிருக்கணும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நகத்திலிருந்த சேற்றை ஊக்கால் குடைந்தபோது, எனக்கு வலிக்காமல் இருக்க ஊதி ஊதி எடுத்தாள். என் நகத்தில் இருந்தது மணல். அவள் நகத்தில் இருந்தது களிமண். இரண்டையும் பார்த்தேன். லீவு முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, ஸ்கூலில் யார் வந்து நகம் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.