ஹைட்ரஜனும் கோணிப்பையும்

போன வாரம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வந்தார். மூடியைத் திருகியதும் மூக்கை அரிக்கும் அந்தப் புளித்த நெடி. "சன்னலத் தொறந்து வெச்சுக்குங்க சார்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. நான் பி.எஸ்ஸி. வேதியியல்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் பேட்டரி அறையைப் பார்த்துக்கொள்வது என் முதல் வேலை. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். நேர்காணலில் மேனேஜர், தனிம அட்டவணையில் ஹைட்ரஜன் எங்கே என்று கேட்டார். முதல் இடம் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். கால் மணி நேரம் பேசினேன். ஒரே எலக்ட்ரான் என்பதால் லித்தியம், சோடியம் வரிசையின் தலையில் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது உலோகமில்லை, வாயு. இன்னொரு எலக்ட்ரான் கிடைத்தால் நிறைந்துவிடும், அதனால் குளோரின் பக்கமும் வைக்கலாம், ஆனால் அந்தக் குடும்பத்திலும் ஒட்டாது. கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். என் வாயை மூடத்தான் வேலை கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

அதே பாடத்தை எலக்ட்ரீஷியன் ரங்கசாமி அண்ணனுக்கும் நடத்தினேன். காரமடைக்காரர், எட்டாவது வரை படித்தவர்.

"பேட்டரி சார்ஜ் ஆனா ஹைட்ரஜன் வரும்ணா. இருக்கறதுலயே லேசானது. அதான் நம்பர் ஒண்ணு."

"லேசுன்னா மேலதானுங்க தம்பி போகும்? அப்புறம் ஏனுங்க மேல இருக்கற ஓட்டையில கோணிய அடைக்கறீங்க?"

குளிர்தான் காரணம். ஆடிச் சாரல் அந்தக் காற்றுத் துவாரம் வழியாக நேராக என் பிடரியில் இறங்கும். கோணிப்பையைச் சுருட்டி அடைப்பேன். அவர் பிடுங்கிப் போடுவார். திரும்ப அடைப்பேன். எட்டாவது படித்தவர் சொல்லி நான் கேட்பதா?

ஒரு மதியம், சார்ஜரை அணைக்காமல் கிளிப்பைக் கழற்றினேன். சின்னப் பொறிதான். பேட்டரி வெடித்து ஆசிட் தெறித்தது. என் சட்டையில் ஓட்டை. ஸ்டூலில் ஏறிக் கோணியைப் பிடுங்கிக்கொண்டிருந்த அண்ணனுக்கு முகத்தில். அவரே தட்டுத்தடுமாறிப் போய்த் தொட்டித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

மேனேஜர் ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு?"

நான் சொன்ன பதிலுக்கு இப்போதும் என்னை அறையத் தோன்றுகிறது. "ஹைட்ரஜன் ஆக்சிஜனோட சேர்ந்தா அப்படித்தான் சார்."

"ஓட்டைய அடைச்சதும் ஹைட்ரஜனாய்யா?"

அட்டவணையையே ஒப்பித்தவன் வாயைத் திறக்கவில்லை. வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

"நாந்தானுங்க அடைச்சேன்" என்றார் அண்ணன், முகத்தில் தண்ணீர் சொட்ட. "தம்பி கெமிஸ்ட்ரி படிச்சவரு. அவரு போயி அடைப்பாருங்களா?"

மேனேஜர் நம்பினார். என் வேலை நிரந்தரமானது. இடது கண் மங்கிப்போன அண்ணனை கேட் காவலுக்கு மாற்றினார்கள். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டுக் கீழே காரமடைக்கே போய்விட்டார்.

ஃபேக்டரியை இடித்து இப்போது தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். மேனேஜர் போய்ச் சேர்ந்துவிட்டார். ரங்கசாமி அண்ணன் இறந்தும் மூன்று வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை, காரமடைக்கு பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஒரு தடவைகூட நான் ஏறவில்லை.