வெள்ளிக்கிழமை மீன்

மாநகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், "பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யணும் சார்?" என்றார். பாடம் படிக்காத பையனைப்போல் எனக்கு வேர்த்தது. அந்நேரம் தெருவில் மீன்கூடை வாடை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்கள் சாந்தோம் மாநகராட்சிப் பள்ளிக்கூடம் மழைக்கு ஒழுகும். மாநகராட்சித் தேர்தலில் அப்போது வரி கட்டும் வீட்டுக்காரர்களுக்கே ஓட்டு. மீன் விற்ற அம்மாவுக்குக் கிடையாது. ஆனால் வெள்ளிக்கிழமை கறி தொடாத கத்தோலிக்க வீடுகள் அவள் கூடையைத்தான் நம்பியிருந்தன. வாசல் வாசலாகச் சொன்னாள்: "ஸ்கூல் கூரைய மாத்துறேன்றவருக்கு ஓட்டு போடு நைனா. இல்லாங்காட்டி வெள்ளிக்கெழம கறி துன்னுக்கோ!"

"மிரட்டுறியா?" என்றார் ஒருவர்.

"இல்ல நைனா, மீன் விக்கிறேன்."

வீரனான நான் போலீசுக்குப் பயந்து அவள் முந்தானைக்குள் ஒளிந்தேன். போலீஸ் வரவில்லை. அடுத்த மழைக்குள் புதுக் கூரை வந்தது.

"சார்?" என்றார் வந்தவர்.

இன்று எனக்கு ஓட்டு இருக்கிறது. அம்மாவின் கூடைதான் இல்லை.