கஸ்பரின் ஆறு மணி

"அக்கா, கடலுக்குள்ள நிக்கிறியள்" என்பான் கஸ்பர். நான் சட்டென்று காலைத் தூக்குவேன்.

ஹரோவில் எங்கள் வீட்டு முன்னறைக் கம்பளத்தின் நடுவே நீல நிற ஒட்டுநாடாவால் ஒரு பெரிய சதுரம் போட்டிருக்கிறான். சனிக்கிழமைப் பின்னேரம் ஒத்திகை நடக்கும்போது அதுதான் கடல். குசினிக்குப் போவதென்றால் சுவரோடு ஒன்றேகால் அடி அகலக் கரை இருக்கிறது, அதிலே பக்கவாட்டில் நடக்கவேண்டும். ஒருநாள் மறதியாக நடுவால் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். "உப்புத் தண்ணி பட்டிட்டுது, எனக்கு வேண்டாம்" என்றான். உண்மையிலேயே குடிக்கவில்லை.

கஸ்பர் என் தம்பி, ஏழு வயது இளையவன். கிழமை நாட்களில் ரொட்டித் தொழிற்சாலையில் பாண் வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சனி ஞாயிறில் நாடகாசிரியன், இயக்குநன். இதுவரை ஐந்து நாடகங்கள் எழுதியிருக்கிறான். ஒரு நாவலும் உண்டு. அச்சிட்ட முந்நூறு பிரதிகளில் இருநூற்றுப் பதினாறு என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. நான் அதை மூன்று தரம் வாசித்தேன். எண்பத்து நாலாம் பக்கத்தில் செத்துப்போன மாமா நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் கோப்பி குடிக்கிறார். எடுத்துச் சொன்னபோது, "அது உத்தி, அக்கா" என்றான். இருக்கலாம். ஆனால் வேறு யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் ஒட்டோ என்ற ஜேர்மன்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் கஸ்பர் அகதியாக ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. குளிருக்கு ஒதுங்க நுழைந்த கட்டடம் ஒரு நாடக அரங்காகப் போய்விட்டது. அங்கே ஒட்டோதான் எல்லாம். இவனைப் பார்த்ததும் கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்து மேடையின் மூலையில் காவலாளியாக நிறுத்தினார். நாற்பத்து மூன்று நாள் காட்சி. ஒரு வசனமும் இல்லை. "அசையாமல் நிக்கிறதுதான், அக்கா, ஆகக் கஷ்டமான நடிப்பு" என்று இன்றும் சொல்வான்.

ஒட்டோவின் சரித்திரத்தை யார் வந்தாலும் சொல்வான். காஸ் மீட்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரரைக்கூட இருத்திவைத்துச் சொன்னான். எனக்கு அது பாடம்.

"பேக்கரிக்காரன்ர மகன். தேப்பன் மாப் பிசையச் சொன்னால் இவர் மாவில முகமூடி செய்வாராம். முதல் நாடகத்துக்கு வந்தது நாலே நாலு பேர். நாலு பேருக்கும் தனித்தனியாக் குனிஞ்சு வணக்கம் சொன்னவர். பதினொரு நாடகம், ரெண்டு நாவல். ஒரு நிமிசம் பிந்தினதுக்கு அந்த ஊர் மேயரையே கதவுக்கு வெளியில விட்டவர்." மேயர் வரும் இடத்தில் கஸ்பர் எழுந்து நிற்பான்.

அந்த மேயர்தான் எங்களுக்கு வினையாகிப் போனார். போன வருடம் மாதாகோவில் மண்டபத்தில் நாடகம். அழைப்பிதழில் ஆறு மணி. எங்கள் சனம் ஆறு மணியென்றால் ஏழுக்குத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிடும். கஸ்பர் சரியாக ஆறுக்குக் கதவைச் சாத்தினான். உள்ளே ஒன்பது பேர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தலைவர் குலசேகரம் அண்ணை அன்று பிரதம விருந்தினர். அவரோடு நூறு பேருக்கு மேல் தூறலில் வெளியே நின்றார்கள். இடைவேளைக்குச் செய்த ரோல்ஸ் பலகாரமும் காரில் வெளியேதான் இருந்தது. அதைக் காவல் காத்தவர் என் கணவர் யாக்கோப்பு. எல்லாரும் காரைச் சுற்றி நின்று முழுவதையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

"தம்பி, உள்ளுக்க நடந்தது தெரியாது. வெளியில நடந்தது நல்லாயிருந்தது" என்றார் குலசேகரம் அண்ணை.

என் கணவர் இன்றுவரை மைத்துனனின் நாடகம் ஒன்றையும் பார்த்ததில்லை.

இந்த வருடம் ஒட்டோ வருவதாகக் கடிதம் வந்தது. நாலு வருடமாகக் கஸ்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மனிதருக்கு எழுபத்தெட்டு வயது. சனி பின்னேரம் விமானத்தால் இறங்கி ஞாயிறு விடியத் திரும்பவேண்டும். "அவர் ஒருத்தர் பாத்தால் போதும், அக்கா. இனி அவருக்கு வர ஏலாது" என்றான். அந்தக் கிழமை முழுவதும் பாணைக்கூட அவன் ஒழுங்காக வெட்டியிருக்கமாட்டான்.

நாடகத்தன்று நடந்த அதிசயம், ஐந்தரைக்கே மண்டபம் நிரம்பிவிட்டது. குலசேகரம் அண்ணை ஐந்து மணிக்கே வந்து முன்வரிசையில் கைக்கடிகாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தார். நூற்றிருபது கதிரை. ஒன்றுதான் காலி. முன்வரிசையில் நடுக்கதிரை, ஒட்டோவுடையது. யாக்கோப்பு காரோடு ரயில் நிலையத்தில் நின்றார். கிழவர் எங்கள் நிலையத்தில் நிற்காத வேக ரயிலில் ஏறி எங்கேயோ போய்த் திரும்பிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியும்.

கஸ்பர் கதவுப் பிடியில் கை வைத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவர் மணிக்கூட்டில் ஆறாக ஒரு நிமிடம்.

"தம்பி, ஆறாகுது. சாத்தும்" என்றார் முன்வரிசையிலிருந்து குலசேகரம் அண்ணை.

"சாத்திறன், அண்ணை."

"போன வருசம் எனக்கு ஒரு நிமிசம் தந்தனீரோ?"

"இல்லை, அண்ணை."

"மேயருக்கு ஒட்டோ தந்தவரோ?"

மண்டபம் சிரித்தது. கஸ்பரின் காது சிவந்தது. அவன் சாத்திவிடுவான் என்று எனக்குத் தெரியும். கிழவரை வெளியே விட்டுவிட்டு, பிறகு சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பான்.

அந்த மணிக்கூட்டை அன்று காலையில் ரேடியோவைக் கேட்டு நொடி பிசகாமல் வைத்தவள் நான். "தம்பி, அது முந்திப் போகுது" என்றேன்.

கஸ்பர் என்னைப் பார்த்தான். ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். ஏறி நின்று, ஒற்றை விரலால் பெரிய முள்ளை இருபது நிமிடம் பின்னுக்குத் தள்ளினான்.

"அப்ப என்ர மணிக்கூடு?" என்றார் குலசேகரம் அண்ணை.

"உங்கடையும் முந்துது, அண்ணை."

மணிக்கூடு ஐந்து ஐம்பத்தேழு காட்டியபோது ஒட்டோ மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். கஸ்பரை வெகுநேரம் பார்த்தார். பிறகு போய் நடுக்கதிரையில் இருந்தார்.

நாடகம் தொடங்குமென்று எல்லாரும் நிமிர்ந்தார்கள். கஸ்பர் கதவடியை விட்டு நகரவில்லை. அந்த மூன்று நிமிடமும் ஈட்டி பிடித்தவன்போல அசையாமல் நின்றான். முள் பன்னிரண்டைத் தொட்டது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான்.

உடனே வெளியே யாரோ தட்டினார்கள். "கஸ்பர், நான்தான். காரை நிப்பாட்டப் போனனான்" என்று என் கணவரின் குரல் கேட்டது.

கஸ்பர் என்னைத் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தான்.