உப்புப் பூத்த சுவர்

வீட்டை விற்க வேண்டுமென்றால் முதலில் பெயின்ட் அடியுங்கள் என்றார் தரகர். சதுரங்கப்பட்டினத்தில் பெயின்ட் அடிப்பது கடல்காற்றுக்குத் தீனி போடுகிற வேலை. இருந்தாலும் அடித்தோம். என் முட்டிக்கு மாடிப்படி இனி ஆகாது. வருஷா வருஷம் ஜன்னல் கம்பியில் துருவைச் சுரண்ட என் வீட்டுக்காரருக்கும் தெம்பில்லை. செங்கல்பட்டில், மகள் வீட்டுப் பக்கமாக, லிஃப்ட் வசதியோடு நாலாவது மாடியில் சின்னதாக ஒரு ஃப்ளாட் பேசி வைத்திருந்தோம். இது விற்றால்தான் அது.

எல்லா அறையும் பளிச்சென்று ஆனது. பின்னறைச் சுவர் மட்டும் மசியவில்லை. அதில் கதவு அளவுக்கு ஒரு ஒட்டு. பட்டி பார்த்து, மேலே எத்தனை கோட் அடித்தாலும், காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும்.

அது என் மாமியார் போன வழி. அவர் இறந்தது அவிட்ட நட்சத்திரத்தில். தனிஷ்டா பஞ்சமி, வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். இடித்தோம். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், தெருநாய் உள்ளே வருமே என்று என் வீட்டுக்காரர் தானே அடைக்க உட்கார்ந்தார். மணல் இல்லை. கரைக்குப் போய் சாக்கில் அள்ளிவந்தார். கல்பாக்கத்தில் காலமெல்லாம் டெக்னீஷியனாக இருந்த மனுஷன், கடல் மணலில் பூசினால் உப்பு விடாது என்று தெரியாதவரா? அன்றைக்கு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா செத்துப்போயிருந்தாள். பிறகு, உடைத்துவிட்டு ஒழுங்காகப் பூசலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "அத இன்னொரு தடவ இடிக்க என்னால ஆகாது" என்று முடித்துவிடுவார்.

முதலில் பார்க்க வந்தவர் டீயெல்லாம் குடித்தார். பின்னறைக்குப் போனார், ஒட்டைப் பார்த்தார், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நடையைக் கட்டினார். தரகருக்கு வயிறு எரிந்தது. "பீரோவ இழுத்துப் போட்டு மறைங்கம்மா. அடைப்பு நட்சத்திரத்துல சாவு வுழுந்த வூடுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் வாங்க மாட்டான்." மறைத்தோம். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஃப்ளாட்காரர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து கோவளத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி, கூடவே அவனுடைய அம்மா. மகனும் மருமகளும் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அம்மா நேரே பின்னறைக்கு வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு பீரோவ நட்ட நடுவுல போட்டுகினு கீறீங்க?"

"சும்மாதாங்க" என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்லத் தெரியாத ஆள், முகமெல்லாம் வியர்த்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! அவரை இப்படி நிற்க வைத்த தரகர் மேல், பீரோ மேல், என் மேலும்தான். விற்றால் விற்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தரகர் என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரிந்திருக்கும்.

அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப நாளு படுத்துகினு இருந்தாங்களா?"

"நாலு வருஷம்."

"நீதான் பாத்தியா?"

"நானும் அவரும்."

அவர் எழுந்து பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு மாடியிலிருந்து இறங்கிய மகனைக் கூப்பிட்டார். "டேய், இங்க ஒரு கதவு வெச்சுக்கலாம். தோட்டத்துக்குப் போக வர சவுரியமா இருக்கும்." அவ்வளவுதான். நல்ல நாள் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். தரகர் வாயெல்லாம் பல்லாக அவர்கள் பின்னாலேயே ஓடினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளலாம் என்று கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் அசையவில்லை. இத்தனை மாதமும் விற்கிற பேச்சை எடுத்தாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாரே, வீட்டின் மேல் ஆசை என்றுதான் நினைத்திருந்தேன்.

"அங்க ஃப்ளாட்டுல எனக்கும் இந்த மாதிரி நட்சத்திரத்துல வந்துட்டா, எந்தச் செவுத்த இடிப்பாங்க? ஒரு பக்கம் அடுத்த வீடு. இன்னொரு பக்கம் நாலு மாடிப் பள்ளம்."

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்திருந்தார்.

"அதான் லிஃப்ட் இருக்கே" என்றேன்.

"லிஃப்ட்ல படுக்க வைக்க முடியாது" என்றார். "ஃப்ளாட் பாக்கப் போன அன்னைக்கே அளந்துட்டேன்."